ஆறாவது பத்தி

மேடையில் நடுநாயகமாக வீற்றிருக்கும் செவ்வந்தி நிட்டிங் கம்பெனியின் உரிமையாளர், உயர்திரு கிட்டுசாமி அவர்களே! எனக்கு முன்னால் பேசி அமர்ந்த ஏற்றுமதியாளர் வட்டத்தின் செயலாளர், உயர்திரு சாமியப்பன் அவர்களே! நாற்காலி போதாமல் துணிக் கட்டுகளின் மேலும் படிக்கட்டிலும் உட்கார்ந்திருக்கிற டெய்லர்களே, செக்கிங் அக்காக்களே, கட்டிங், அயர்ன், பேக்கிங் தோழர்களே! முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் மயிலாள் அக்கா அவர்களே! மாலை போட்ட படத்துக்குள்ளிருந்து எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கும் பேக்கிங் மாஸ்டர், மடத்துக்குளம் லிங்கசாமி அவர்களே! வணக்கம்.

என் பெயர் குமாரவேல். சொந்த ஊர் சோமனூர். நெசவுத் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ வாங்கியவன். ஐந்து வருடமாக இந்தக் கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோல் பார்க்கிறேன். எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மாஸ்டர் நல்லவர் என்று சொல்ல வேண்டும்; அதோ அந்த மேஜை மேல் கட்டி வைத்திருக்கிற புத்தகத்தை வெளியிட முதலாளியை அழைக்க வேண்டும்; இறங்கிவிட வேண்டும். முதல் வேலையை முடித்துவிடுகிறேன். மாஸ்டர் நல்லவர். மீதி நான்கரை நிமிடம் எனக்குப் போதாது. மணியை அடிக்கிறவர்கள் அடித்துக்கொள்ளலாம்.

செயலாளர் அவர்கள் பேசும்போது சொன்னார்கள்: "அமரர் லிங்கசாமி எளிமையானவர். பெயர், புகழ் எதற்கும் ஆசைப்படாதவர்." கேட்டீர்கள் அல்லவா? நான் கேட்கிறேன், ஐயா, அவர் ஆசைப்படவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? கேட் அருகே ஒரு ஸ்டூலில் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தாரே, அந்த எளிமை அவர் விரும்பி எடுத்துக்கொண்டதா, நீங்கள் தூக்கிக் கொடுத்ததா? ஒரே ஒரு ஆசை அவருக்கு இருந்தது. அந்த ஆசை என்ன என்று மேடையில் இருக்கிற ஒருவருக்கு நன்றாகத் தெரியும். இன்று இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மாஸ்டர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். 1984-ஆம் வருடம் பேக்கிங் செக்‌ஷனில் பெட்டி கட்ட வந்தார். பெட்டி மேல் எழுதுகிற ஸ்டென்சில் எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு சந்தேகம். ஒரே பனியனை மடித்துப் பெட்டியில் வைக்கிறோம். இங்கிலாந்துக்குப் போகிற பெட்டியில் வெஸ்ட் என்று எழுதச் சொல்கிறார்கள், அமெரிக்காவுக்கு அண்டர்ஷர்ட் என்கிறார்கள், ஆஸ்திரேலியாவுக்கு சிங்லெட் என்கிறார்கள். எல்லாம் இங்கிலீஷ்தானே? பிறகு ஏன் ஊருக்கு ஊர் வேறாக இருக்கிறது? நானாக இருந்தால் சொன்னதை எழுதிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன். அவர் ஒரு நீள நோட்டு வாங்கி ஆறு பத்தியாகக் கோடு போட்டார். இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. ஆறாவது பத்தியின் தலையில் என்ன எழுதினார் என்று பிறகு சொல்கிறேன்.

நோட்டில் சொல் இருக்கும். அந்தச் சொல்லுக்கான உருப்படி பேக்கிங் ரூமில் கட்டிய கொடியில் தொங்கும். ஒரு பனியன், ஒரு காலுறை, ஒரு குழந்தைச் சட்டை, ஒரு கம்பளித் தொப்பி. கம்பெனிக்குச் சரக்கு வாங்க எந்த வெளிநாட்டு பையர் வந்தாலும் மாஸ்டர் அவரைக் கொடிக்கு அழைத்துப் போய்விடுவார். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் காட்டிக் கேட்பார். இலக்கணம் கிடையாது, கூச்சமும் கிடையாது. "சார், யுவர் மதர், வாட் நேம்?" உன் கம்பெனி இதை என்ன சொல்கிறது என்று அவர் கேட்டதே இல்லை. உன் அம்மா என்ன சொல்வாள் என்றுதான் கேட்டார். கோட்டு சூட்டு போட்டவர்கள் அந்தக் கேள்விக்கு நின்று யோசித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு தடவை லண்டன்காரர் ஒருவரும், அவருடன் மான்செஸ்டர் பக்கத்திலிருந்து ஒரு பெண் டிசைனரும் வந்தார்கள். மாஸ்டர் ஒரு முழுக்கால் சட்டையைத் தூக்கிக் காட்டினார். லண்டன்காரர் "ட்ரவுசர்ஸ்" என்றார். அந்தப் பெண், "எங்கள் அம்மா பேண்ட்ஸ் என்பார்" என்றார். லண்டன்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லண்டனில் அது உள்ளாடைக்குச் சொல்கிற பெயராம். இரண்டு பேரும் சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் வாதாடினார்கள். ரசம் ஆறிப்போனது. பரிமாறிக்கொண்டிருந்த முத்தாத்தாள் அக்கா கேட்டார்கள்:

"ஏனுங்க மாஸ்டரு, இவிய என்னத்துக்குங்க சண்டை போட்டுக்கறாங்க?"

"ஒண்ணுமில்லீங்க. நம்மளாட்டந்தான். நாம ஊடுங்கறோம், மதுரைக்காரரு வீடுங்கறாரு. அந்தூருலயும் அப்படித்தானாமுங்க."

"அதுக்கு ஏனுங்க ரசத்த ஆற வெக்கறாங்க?"

"ரசத்துக்கு அவியகிட்ட பேரே இல்லீங்க அக்கா. அதான்."

மாஸ்டர் இங்கிலாந்துப் பத்தியைப் பென்சிலால் இரண்டாகப் பிரித்தார்: தெற்கு, வடக்கு. அப்படிப் பிரிக்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான் 1991-இல் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு ஃபேக்ஸ் வந்தது. குழந்தைச் சட்டைக்கு, முன்னால் "பாப்பர்ஸ்" வைக்க வேண்டும் என்று இருந்தது. நான் டிப்ளமோக்காரன் அல்லவா? டிக்‌ஷனரியைப் புரட்டினேன். கெமிக்கல் லிஸ்ட்டைப் புரட்டினேன். பர்ச்சேஸ் ஆளைக் கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். அவன் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டுச் சோளப்பொரி மெஷின் விலை கேட்டுக்கொண்டு வந்தான். சிரிக்காதீர்கள், அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. கடைசியில் பேக்கிங் ரூம் பக்கம் போனேன். மாஸ்டர் கொடியிலிருந்து ஒரு சட்டையை உருவி, மார்பில் இருந்த பித்தானை டிக்கென்று அமுக்கிக் காட்டினார்.

"டிச் பட்டனுங்க, தம்பி. இங்கிலாந்துல பாப்பர். அமெரிக்காவுல ஸ்நாப். ஆஸ்திரேலியாவுல பிரஸ் ஸ்டட். நியூசிலாந்துக்காரரு மட்டும் டோம்னு சொல்றாரு. அவரு ரண்டு தடவ சொல்லியும் நான் நம்பல, தொட்டுக் காட்டுங்கன்னுட்டேன்."

அன்று எனக்கு நன்றி வரவில்லை. கோபம்தான் வந்தது. எட்டாம் வகுப்பு படித்தவரிடம் டிப்ளமோக்காரன் கேட்டுத் தெரிந்துகொள்வதா என்ற கோபம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்று நான் யாரையெல்லாம் குற்றம் சொல்லப் போகிறேனோ அந்த வரிசையில் நானும் நிற்கிறேன். மறைக்க மாட்டேன்.

இப்போது ஆறாவது பத்தி. அதன் தலையில் "திருப்பூர்" என்று எழுதியிருந்தார்.

நம் தையல் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, மேடைக்குச் சொல்கிறேன். புது மாடல் ஒன்று வந்தால், முதல் பீஸை யார் தைக்கிறாரோ அவர் பெயர்தான் அந்த மாடலுக்கு. ஆபீசில் ஆயிரம் நம்பர் கொடுத்துக்கொள்ளட்டும். தளத்தில் அது "சுப்பாத்தாள் கழுத்து". "வீரணன் பாக்கெட்". "கன்னையன் கை". இன்றைக்கும் லைனில் போய், "ஸ்டைல் நானூற்றுப் பன்னிரண்டு எங்கே?" என்று கேட்டால் யாரும் திரும்ப மாட்டார்கள். "சுப்பாத்தாள் எங்கே?" என்று கேட்டால் இரண்டு பேர் திரும்புவார்கள்: ஒன்று அந்த பீஸை வைத்திருப்பவர், இன்னொன்று சுப்பாத்தாள் அக்கா.

மாஸ்டர் அந்தப் பெயர்களை எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில், பெரிய எழுத்தில், ஆறாவது பத்தியில் எழுதினார். லண்டன் அம்மா சொல்வது முதல் பத்தியில் வருமானால், எங்கள் வீரணன் தைத்தது ஆறாவது பத்தியில் வரும். அவருக்கு இரண்டும் ஒரே நோட்டுதான்.

1986-இல் மாஸ்டருக்குப் பெண் குழந்தை பிறந்தது. குறைமாதம். தலையைத் தொடவே பயமாக இருந்ததாம். கழுத்து வழியாகப் பனியன் போட முடியாது. அவர் மனைவி மயிலாள் அக்கா கட்டிங்கில் விழுந்த துணிகளைப் பொறுக்கி, குழந்தையைப் படுக்க வைத்தபடியே இரண்டு பக்கமும் போர்த்தி விலாவில் முடிச்சுப் போடுகிற மாதிரி ஒரு சட்டை தைத்தார்கள். அதே மாதிரி நாட்டுக்கு நாடு இருக்கலாம். அக்கா எதையும் பார்த்துத் தைக்கவில்லை. முதலாளி அதைப் பார்த்தார். சாம்பிள் போட்டார். ஆர்டர் பிடித்தார். தளத்தில் அதற்கு "மயிலாள்" என்று பெயர். அந்தக் குழந்தைதான் இதோ அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பத்து வயது. மாஸ்டர் அந்த உருப்படிக்கு ஐந்து பத்தியில் நாலு நாட்டுச் சொல்லைப் பிடித்துவிட்டார். நியூசிலாந்து மட்டும் கிடைக்கவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு, ஆறாவது பத்தியில் தன் மனைவி பெயரை எழுதினார்.

1993-க்கு வருகிறேன். அந்த நோட்டை முதலாளி கேட்டு வாங்கினார். புத்தகமாகப் போடலாம் என்றார். மாஸ்டருக்கு எவ்வளவு சந்தோஷம்! புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். நான் அப்போது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நடந்ததைக் கேட்டவன் நான் ஒருவன்தான். அப்படியே சொல்கிறேன்.

"மொதலாளி, அட்டையில எம்பேரு சின்னதா வந்தாப் போதுமுங்க."

"ஏப்பா லிங்கா, அட்டையில எட்டாங்கிளாஸ் லிங்கசாமின்னு போட்டா இங்கிலீசு புஸ்தகத்த எவன்டா கையில எடுப்பான்?"

"உள்ளயாச்சும் ஒரு ஓரத்துல போடுங்க, மொதலாளி."

"உள்ள ஏது எடம்? ஆமா, இதென்ன கடைசில சுப்பாத்தா வீரணன்னு ஊரு சனம் பேரெல்லாம் எழுதி வெச்சிருக்கற? ரேசன் கடை லிஸ்டா? டேய் தம்பி, இந்தப் பத்தியத் தூக்கிரு."

டேய் தம்பி என்றது என்னைத்தான். நான் தூக்கினேன். அது மட்டுமல்ல. அட்டையில் "தொகுப்பு: திரு. கிட்டுசாமி" என்று டைப் அடித்தவனும் நான்தான். புதிதாக வந்த வேலை, புதிதாக வந்த கம்ப்யூட்டர். அந்தப் பெயரை அடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். மாஸ்டர் வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்து, "தம்பி, டீ சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வருடமாக டீ டம்ளரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த ஒரு கேள்விதான் கேட்கிறது.

பிறகு என்ன நடந்தது? பெயர் கேட்ட குற்றத்துக்காகப் பேக்கிங் மாஸ்டரைக் கேட்டுக்கு மாற்றினார்கள். ஒரு ஸ்டூல், ஒரு விசில். கொடியைக் கழற்றினார்கள். உருப்படிகளை மூட்டையில் போட்டு வேஸ்ட்டில் தள்ளினார்கள். அவர் அசரவில்லை! பையர் கார் கேட்டில் நிற்கும் அல்லவா? கதவு திறக்கிற அந்த அரை நிமிடத்தில் சட்டைப் பையிலிருந்து ஒரு காலுறையை எடுத்துக் கார் கண்ணாடி அருகே பிடிப்பார். "சார், யுவர் மதர்?" கார் ஓட்டுகிறவர் ஹாரன் அடிப்பார். பையர் கண்ணாடியை இறக்குவார். ஒரு சொல் கிடைக்கும். விசில் ஊதிவிட்டு, டைப் அடித்து முடித்து நாங்கள் திருப்பிக் கொடுத்திருந்த அதே நீள நோட்டில் எழுதுவார். அரை நிமிடத்துக்கு ஒரு சொல் வீதம் மூன்று வருடம் சேர்த்த மனிதரைத்தான் எளிமையானவர் என்கிறீர்கள்!

புத்தகம் அச்சாகி வந்த அன்று நான் ஒரு பிரதியைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். அட்டையைப் பார்ப்பார், திட்டுவார், நானும் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தேன். அட்டையை அவர் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முப்பத்தொன்றாம் பக்கம் வந்ததும் நின்றார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், ஸ்டூல் ஆடியது.

"தம்பி, எல்லாரையும் தூக்கிப்போட்டீங்க. இவ ஒருத்தி மட்டும் தப்பிச்சுட்டாளுங்களே!"

குனிந்து பார்த்தேன். ஆறாவது பத்தியை நான் அழித்தபோது, அந்த ஒரு வரியில் மட்டும் அழிக்காமல் விட்டிருக்கிறேன். பக்கத்து இடம் காலியாக இருந்ததால் அந்தப் பெயர் நகர்ந்து நியூசிலாந்துப் பத்தியில் போய் உட்கார்ந்துவிட்டது. குழந்தையின் விலாக்கட்டுச் சட்டை. நியூசிலாந்தில் வழங்கும் ஆங்கிலச் சொல்: மயிலாள். அச்சில், பெரிய எழுத்தில்!

"மாஸ்டர், தப்பாயிருச்சு. ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டிடறேன்" என்றேன்.

"வேண்டாமுங்க. விடுங்க. எங்கியாவது போய்ப் பொழச்சுக்கட்டும்."

பிழைத்துக்கொண்டாள், தோழர்களே! பிழைத்துக்கொண்டாள்! முதலாளி வருகிற பையர்களுக்கெல்லாம் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக் கொடுத்தார். நியூசிலாந்துக்காரர் ஒருவர் ஊருக்குப் போய்ப் புரட்டியிருக்கிறார். எங்கள் ஊரில் இப்படி ஒரு சொல்லே இல்லையே என்று சிரித்திருக்கிறார். ஆனால் சொல் பிடித்துப்போய்விட்டது. தன் கடையில் அந்தச் சட்டைக்கு அதையே பெயராக வைத்துவிட்டார். 1995 பிப்ரவரியில் ஃபேக்ஸ் வந்தது. வரி இதுதான்: "மயிலாள், பிறந்த குழந்தை அளவு, வெள்ளை, இருநூறு டஜன்." அடுத்த சீசனில் ஆஸ்திரேலியாவிலிருந்து அதே பெயரில் கேட்டார்கள். அந்த முதல் ஃபேக்ஸ் வந்த அன்றே நான் அதைக் கேட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். மாஸ்டர் அதை இரண்டாக மடித்து, மதியம் டிபன் பாக்ஸ் கொண்டு வந்த அக்கா கையில் கொடுத்தார். அக்கா கேட்டார்கள்:

"இதென்னுங்க?"

"உன்னயக் கப்பல்ல கேக்கறாங்க. எரநூறு டஜனாம்."

"ஒருத்தியையே உங்களால சமாளிக்க முடியல. போங்க, போயி சோத்தத் தின்னுங்க."

ஐயா கிட்டுசாமி அவர்களே, அந்தச் சமயத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஏற்றுமதியாளர் வட்டத்தின் ஆண்டு விழாவில், இதோ இந்தச் செயலாளர் தலைமையில், உங்கள் ஆங்கிலப் புலமைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நீங்கள் ஏற்புரை ஆற்றினீர்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். "நியூசிலாந்தில் மேய்லல் என்று ஒரு சட்டை. அந்த நாட்டு மாவோரிப் பழங்குடி மக்களின் மொழியிலிருந்து வந்த சொல். பத்து வருடம் ஆராய்ந்து கண்டுபிடித்தேன்" என்று சொன்னீர்கள். கைதட்டினார்கள். செயலாளர் அவர்கள் எழுந்து நின்று தட்டினார்.

மேய்லலா! உங்கள் மூன்றாவது லைனில், ஏழாவது மெஷினில் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்து தைக்கிற மயிலாள் அக்காவையா பழங்குடி மொழியில் ஆராய்ந்து கண்டுபிடித்தீர்கள்? தினமும் காலையில் உங்கள் கார் போகும்போது வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறாரே, அப்போது கண்டுபிடிக்க முடியவில்லையா? உங்கள் பெயர் போட்ட புத்தகத்தை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீங்கள் படித்துப் பார்த்திருந்தால் அந்தப் பொன்னாடை உங்கள் தோளில் கனத்திருக்குமே! படிக்கவில்லை. படிக்காதவர் மாஸ்டர் என்றீர்கள். படிக்காதவர் யார்?

மாஸ்டர் நம் எல்லோருக்கும் ஒன்றைக் கற்பித்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரே பொருளுக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கும், எந்த ஊர்ப் பெயரும் இன்னொன்றுக்குத் தாழ்ந்ததில்லை. அதனால் நானும் அவர் மாதிரி ஆறு பத்தி போட்டுப் பார்த்தேன். ஒருவன் ஒன்பது வருடம் சேர்த்ததை எடுத்து, அவன் பெயரை அழித்து, தன் பெயரைப் போட்டுக்கொள்கிறான். இதற்கு இங்கிலாந்தில் என்ன பெயர்? அமெரிக்காவில் என்ன பெயர்? ஆஸ்திரேலியாவில்? திருப்பூரில்? இந்த ஒன்றுக்கு மட்டும் தெற்கு, வடக்கு என்று பென்சில் கோடு போட வேண்டியதில்லை. எல்லா அம்மாவும் ஒன்றைத்தான் சொல்வார்கள். திருட்டு!

மணி அடிக்கிறது. அடிக்கட்டும். மைக்கைப் பிடுங்க வருகிற தம்பிகள் சற்று பொறுங்கள். இது இரங்கல் கூட்டம், மேடையில் தள்ளுமுள்ளு நடந்தால் நாளை பேப்பரில் முதலாளி பெயர்தான் வரும். அவருக்குப் பெயர் வருவது பிடிக்கும், ஆனால் அப்படி வருவது பிடிக்காது.

பதினாறு நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை, மாஸ்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழவில்லை. அன்று மாலையே எனக்கு முதலாளியிடமிருந்து உத்தரவு. "அந்தப் புத்தகம் ரண்டாம் பதிப்பு போட்டு, இரங்கல் கூட்டத்துல வெளியிட்ருவோம். அட்டையில எம்பேரு. உள்ள லிங்கனுக்குக் காணிக்கைன்னு ஒரு வரி போட்ரு. நல்லாருக்கும்." நல்லாருக்குமாம்! உயிரோடு இருந்தபோது ஒரு ஓரத்தில் கேட்ட இடத்தை, செத்த பிறகு காணிக்கை என்று கொடுக்கிறார்கள். அவருடைய புத்தகத்தையே அவருக்குக் காணிக்கையாகக் கொடுக்கிறார்கள்!

நான் செய்தேன், தோழர்களே. சொன்ன வேலையை முடித்தேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். மயிலாள் அக்காவிடம் போய் அந்த நீள நோட்டைக் கேட்டு வாங்கினேன். கேட்டில் சேர்த்த மூன்று வருடச் சொற்களும் அதில் இருந்தன. ஒவ்வொரு சொல்லாக அடித்தேன். கடைசிப் ப்ரூஃபை முதலாளி மேஜையில் வைத்தேன். "படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றேன். மூன்று தடவை சொன்னேன். அட்டையோடு சேர்த்துத்தான் வைத்தேன், மறைத்து வைக்கவில்லை. முதலாளி போனில் பேசிக்கொண்டே, புரட்டாமல், அடியில் கையெழுத்துப் போட்டார். அவர் எதையும் படிக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். மூன்று வருடமாகத் தெரியும். அந்தக் கையெழுத்தோடு ப்ரூஃப் அச்சகத்தில் பத்திரமாக இருக்கிறது, ஒரு ஜெராக்ஸ் என் பையில் இருக்கிறது.

அதோ மேஜை மேல் அந்தக் கட்டுக்குள் இருப்பது அந்தப் புத்தகம்தான். முதலாளி அவர்கள் இப்போது கட்டைப் பார்க்கிறார்கள். பாருங்கள் ஐயா, நன்றாகப் பாருங்கள்.

அட்டையில் ஒரே பெயர்: மடத்துக்குளம் ம. லிங்கசாமி, பேக்கிங் மாஸ்டர். கீழே சின்ன எழுத்தில் எட்டாம் வகுப்பு என்றும் போட்டிருக்கிறேன். எவன் கையில் எடுப்பான் என்று கேட்டீர்களே? இங்கே இருக்கிற முந்நூறு பேரும் எடுப்பார்கள். உள்ளே ஆறு பத்தி. ஆறாவது பத்தியில் நாற்பத்தொரு பெயர். சுப்பாத்தாள் அக்கா, எட்டாம் பக்கத்தில் இருக்கிறீர்கள். வீரணன் அண்ணா, பதினேழு. கன்னையன் அண்ணா உயிரோடு இல்லை, அவர் மகன் கடைசிப் படியில் நிற்கிறார். தம்பி, இருபத்திரண்டாம் பக்கம், உங்கள் அப்பா. முப்பத்தொன்றாம் பக்கத்தில் மயிலாள் அக்கா இரண்டு இடத்தில் இருக்கிறார்: ஆறாவது பத்தியில் ஒன்று, நியூசிலாந்தில் ஒன்று. இந்தத் தடவை அது தப்பு அல்ல. அங்கே இப்போது உண்மையாகவே அதுதான் பெயர்.

கிட்டுசாமி அவர்களே, உங்கள் பெயரைத் தேட வேண்டாம். ஒரு தையல்கூடப் போடாதவர் பெயர் அந்தப் பத்தியில் வராது. அது எங்கள் தளத்து வழக்கம். அதனால் என் பெயரும் இல்லை. அட்டையில் உங்கள் பெயரை அடித்த விரல்களுக்கு அந்தத் தண்டனை பொருந்தும். என் ராஜினாமாக் கடிதம் மேலே இருக்கிற முதல் பிரதியின் உள்ளே இருக்கிறது. அதையாவது படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இந்தப் புத்தகத்தைப் பறித்துக் கொளுத்தலாம் என்று யாராவது நினைத்தால், நினைத்துக்கொள்ளுங்கள். நேற்று மதியமே அறுபது பிரதி தபாலில் போய்விட்டது. பழைய புத்தகத்தை நீங்கள் யார் யாருக்கெல்லாம் கொடுத்தீர்களோ அத்தனை பையருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கடிதம்: இதைத் தொகுத்தவர் யார், உங்கள் கார்க் கண்ணாடி அருகே காலுறையைப் பிடித்துக்கொண்டு உங்கள் அம்மாவைப் பற்றிக் கேட்டவர் யார் என்று. அவர்களுக்கு அந்த முகம் நினைவிருக்கும். அடுத்த தடவை வரும்போது கேட்டில் கண்ணாடியை இறக்குவார்கள். ஸ்டூல் காலியாக இருக்கும். உள்ளே வந்து உங்களைக் கேட்பார்கள். பதிலைத் தயார் செய்து வையுங்கள் ஐயா. எந்த நாட்டு இங்கிலீஷில் வேண்டுமானாலும் சொல்லலாம்.

மாஸ்டர், உங்களிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டால் நீங்கள் டீ சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிடுவீர்கள். ஒரு வாக்குக் கொடுக்கிறேன். திருப்பூரில் எந்தத் தளத்தில் யார் முதல் பீஸ் தைத்தாலும், நான் போய்ப் பெயர் கேட்டு எழுதுவேன். முதலிபாளையத்திலிருந்து தொடங்குகிறேன், திங்கட்கிழமை. நோட்டு என்னிடம் இருக்கிறது. கோடு நீங்கள் போட்டது. பக்கம் தீர்ந்தால் ஒட்டுவேன். எவன் சொன்னாலும் ஆறாவது பத்தியை இனித் தூக்க மாட்டேன்!

இப்போது எனக்குக் கொடுத்த கடைசி வேலை. புத்தகத்தை வெளியிட அழைக்க வேண்டும். அழைக்கிறேன். முதலாளி அவர்கள் உட்காரலாம், உங்களை அழைக்கவில்லை.

நேற்று அந்தப் புத்தகக் கட்டை அக்கா வீட்டில் வைத்துத்தான் கட்டினோம். அக்கா கேட்டார்கள்:

"கண்ணு, உனக்கு வேலை போயிருமில்ல?"

"போகட்டுமுங்க."

"அப்பச் செரி. முடிச்ச நான் போடறேன், எடு."

கட்டிங்கில் விழுந்த பனியன் துணியைக் கிழித்து, குழந்தைச் சட்டைக்குப் போடுவாரே, அதே விலா முடிச்சைப் போட்டார்கள். கத்தரி வேண்டாம். ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் போதும்.

மயிலாள் அக்கா, மேலே வாங்க. மகளையும் கூட்டிக்கொண்டு வாங்க. வழி விடுங்கள் எல்லோரும்.

இழுங்க, அக்கா.